ஊக்கு இருந்த இடம்

சானடோரியம் ஸ்டேஷனில் மின்சார ரயில் நின்று கிளம்பும்போதுதான் சுகந்தியின் கை தன்னால் கழுத்துக்குப் போயிற்று. தாலிச் செயின் இருந்தது. அதில் ஊக்கு இல்லை. சரி, அப்படியென்றால் வளையலில் இருக்கும், மருந்து கொடுத்தாயிற்று என்று இடது கையைத் தூக்கிப் பார்த்தாள். வளையல் இருந்தது. அதிலும் ஊக்கு இல்லை. அப்புறம்தான் ஞாபகம் வந்தது. பெருங்களத்தூரில் ஏறிய ஒரு அம்மாள், ஐம்பது ஐம்பத்தைந்து வயது இருக்கும், ஒரு கையில் ஒயர் கூடை, இன்னொரு கையால் மாராப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "ஊக்கு வச்சிருக்கியாம்மா, ஜாக்கெட்டு கொக்கி பூட்ச்சு" என்று காதோடு கேட்டாள். பெண்கள் பெட்டியில் இப்படிக் கேட்டால் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. கழற்றிக் கொடுத்துவிடுவதுதான் வழக்கம். சுகந்தியும் கொடுத்தாள். கண்ணை ஜன்னலில் வைத்துக்கொண்டு, மனதைத் தயிரில் வைத்துக்கொண்டு, நேற்று இரவு உறை ஊற்றினோமா இல்லையா என்று யோசித்தபடியே கழற்றிக் கொடுத்தாள். கொடுத்தது நினைவிருக்கிறது. அந்த அம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று குத்திக்கொண்டதும் நினைவிருக்கிறது. எங்கிருந்து கழற்றினாள்? கழுத்திலிருந்தா, கையிலிருந்தா? அதுதான் இல்லை. அந்த இடம் மட்டும் ஈரத்துணியால் துடைத்த சிலேட்டு மாதிரி இருந்தது.

கழுத்தென்றால் நகுல் இன்று மருந்து குடிக்கவில்லை. கையென்றால் குடித்துவிட்டான். இவ்வளவுதான் விஷயம். நகுல் இரண்டாவது பிள்ளை. நாலு வயது. வலிப்பு. ரோஸ் நிறத்தில் ஒரு மருந்து, காலையில் அஞ்சு மில்லி, ராத்திரி அஞ்சு மில்லி. ஒரு வேளைகூட விடக்கூடாது, விட்டோமோ என்கிற சந்தேகத்தில் இன்னொரு தடவை ஊற்றியும் விடக்கூடாது என்று டாக்டரம்மா விரலை ஆட்டிச் சொல்லியிருந்தாள். இரண்டு வருஷம் வலிப்பே வராமல் போனால் மெதுவாகக் குறைத்து நிறுத்திப் பார்க்கலாம் என்றும் சொல்லியிருந்தாள். பத்தொன்பது மாதம் ஓடிவிட்டது. இன்னும் ஐந்து. நடுவில் ஒருமுறை வந்தால் போச்சு, மறுபடி முதல் மாதம், பரமபதத்தில் பெரிய பாம்பு வாயில் விழுந்த காய் மாதிரி. அதற்காகத்தான் ஊக்கு. முதலில் தினசரி காலண்டரில் பேனாவால் ஒரு கோடு போட்டு வந்தாள். கணவன் கதிரேசன் ஒத்தாசை செய்கிறேன் என்று காலையில் எழுந்ததும் முதல் வேலையாக ஒரு தாளைக் கிழிப்பான். வீட்டில் அவனாகவே செய்கிற ஒரே வேலை அது. ஒருநாள் இரண்டு தாள் சேர்ந்து வந்துவிட்டது. கோடு போட்டது எந்தத் தேதிக்கு என்று குப்பைக்கூடையைக் கிளறிப் பார்க்க வேண்டியதாயிற்று. அப்புறம் செல்போனில் அலாரம் வைத்தாள். அலாரம் அடித்தால் கை தானே அதை அணைக்கிறது. அணைத்த கைதான் மருந்தும் கொடுத்ததா என்றால் கைக்குத் தெரியாது. பாட்டிலில் ஸ்கெட்ச் பேனாவால் மட்டம் குறித்தாள். பிசுக்குப் பட்டு மை அழிந்தது. கடைசியில் ஊக்கு. காலையில் மருந்து கொடுத்ததும் கழுத்திலிருந்து வளையலுக்கு. ராத்திரி கொடுத்ததும் வளையலிலிருந்து கழுத்துக்கு. உடம்போடு ஒட்டிக் கிடக்கிற சாட்சி. யாரும் கிழிக்க முடியாது, எதுவும் அழிக்க முடியாது. இந்த ஏற்பாடு அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை. இப்போது அந்தச் சாட்சியை எவளோ ஒருத்தியின் ஜாக்கெட்டில் குத்திவிட்டு நிற்கிறாள்.

சரி, நிதானமாக யோசிப்போம் என்று காலையை முதலிலிருந்து பிடித்தாள். அஞ்சு மணி. மோட்டார் போட்டாள். பால் வாங்கினாள். குக்கர். இன்றைக்கு மஞ்சள் நாள். அதுதான் எல்லாவற்றையும் குழப்பியது. முந்தின நாள் ராத்திரி பத்தேகாலுக்கு 'எல்.கே.ஜி. பி அம்மாக்கள்' குழுவில் செய்தி வந்தது. நாளை மஞ்சள் நாள், பிள்ளைகள் மஞ்சள் உடை உடுத்தி, மஞ்சள் பழம் ஒன்றும் மஞ்சள் சாதமும் கொண்டுவர வேண்டும், நன்றி, ஒரு பூ படம். அதற்குக் கீழே இருபத்தெட்டு அம்மாக்கள் கைகூப்பியிருந்தார்கள். அப்பாக்கள் குழு என்று ஒன்று கிடையாது. மஞ்சள் சட்டைக்கு ராத்திரி பதினோரு மணிக்கு எங்கே போவது? பீரோவைக் கலைத்ததில் மூத்தவள் சஹானாவுடைய பழைய சட்டை ஒன்று அகப்பட்டது. பெண் பிள்ளைச் சட்டை, ஓரத்தில் லேஸ். காலையில் லேஸைப் பிரித்தாள். பிரித்தபோது அடுப்பில் எலுமிச்சை சாதத்துக்குத் தாளிப்பு. நகுல் குளித்துவிட்டு அம்மணமாக ஓடினான். பிடித்தாள். துவட்டினாள். வாயைத் திற என்றாள். திறந்தான். ஆ. உள்நாக்குவரை தெரிந்தது. மருந்து குடித்ததும் எப்போதும் போல் தோளைக் குலுக்கினான். உதட்டோரம் வழிந்த ரோஸை முந்தானையால் துடைத்தாள். இதோ, நன்றாகத் தெரிகிறதே, அப்படியென்றால் கொடுத்தாயிற்று. உடனே இன்னொரு கேள்வி எழுந்தது. இது இன்றைக்குத்தானா? நேற்றும் குளித்துவிட்டு ஓடினான். நேற்றும் ஆ. முந்தாநாளும் தோளைக் குலுக்கினான். தினமும் குலுக்குகிறவன் இன்றைக்குக் குலுக்கியதை எப்படித் தனியாகப் பிரிப்பது? ஐந்நூற்றுச் சொச்சம் காலைகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிக்கிடக்கின்றன, ஈரத்தில் ஒட்டிய அப்பளம் மாதிரி. பிரிக்கப் போனால் கிழிகிறது. மஞ்சள் சட்டை போட்டபின் மருந்து கொடுத்ததாக ஞாபகம் இருந்தால் அது இன்றைக்கு. மஞ்சள் சட்டையோடு ஒரு ஆ தேடிப்பார்த்தாள். வந்தது. உடனே வந்துவிட்டது. அவ்வளவு சுருக்காக வந்ததால் அதன்மேல் நம்பிக்கை போயிற்று. இப்போதுதான் செய்து வைத்த ஞாபகமாக இருக்கலாம். முந்தானை! முந்தானையில் ரோஸ் கறை இருக்க வேண்டுமே. இழுத்துப் பார்த்தாள். கறை இருந்தது. மஞ்சளாக இருந்தது. மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தாள். எலுமிச்சை, பெருங்காயம். இன்னும் கொஞ்சம் தள்ளி முகர்ந்தாள். சீயக்காய். எதிர்சீட்டில் காதில் ஒயர் மாட்டிய காலேஜ் பெண் ஒருத்தி, தன் முந்தானையைத் தானே ஜாண் ஜாணாக முகர்கிற பொம்பளையைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

குரோம்பேட்டை. கதிரேசனுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. எட்டு இருபது. பிள்ளைகள் இரண்டையும் ஸ்கூட்டரில் ஏற்றிப் பள்ளிக்கூடம் போகிற நேரம். ஓட்டும்போது எடுக்க மாட்டான். எடுக்காதே என்று சொன்னவளும் அவள்தான். மறுபடி போட்டாள். மறுபடி. எடுத்துத்தான் என்ன சொல்லப் போகிறான். அவன் கெட்டவன் இல்லை. குடி கிடையாது, கோபம் கிடையாது, காயை நறுக்கு என்றால் நறுக்குவான், எந்தக் காய் என்று கேட்டுவிட்டு நறுக்குவான், எத்தனை பெரிசாக என்றும் கேட்பான். பல்லாவரம் வரட்டும், போடலாம். இன்றைக்குக் கொடுக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். என்ன ஆகும்? ஒன்றும் ஆகாமலும் போகலாம். அன்றைக்கும் அப்படித்தான் நினைத்தாள். பத்தொன்பது மாதத்துக்கு முன்னால், வேலூரில் நாத்தனார் வீட்டுக் காதுகுத்து, திரும்பி வருகிற பஸ்ஸில் மருந்துப் பையை மேலே வைத்துவிட்டு இறங்கிவிட்டார்கள். காலையில் வாங்கிக்கொள்ளலாம், ஒரு வேளைதானே என்றாள். ஒரு வேளைதானே! மறுநாள் விளையாட்டுப் பள்ளியில் சறுக்குமரத்தின் உச்சியில் உட்கார்ந்திருந்தான். ஆயா சொன்னாள், கீழே பார்த்துச் சிரிச்சிக்கிட்டேதான் இருந்தாம்மா, திடீர்னு சிரிப்பு அப்படியே நின்னுடுச்சு, கண்ணு மேல போயிடுச்சு. அதை ஆயா சொல்லித்தான் கேட்டாள், பார்க்கவில்லை. பார்க்காததுதான் அடிக்கடி தெரிகிறது. சறுக்குமரத்தில் தலைகீழாக வழுக்கி வருகிற சின்ன உடம்பு, இரும்புப் படியில் இடிக்கிற நெற்றி, நீலம் பாரித்த உதடு. நாலு தையல். இன்றைக்கு மஞ்சள் நாள், மைதானத்தில்தான் எல்லாப் பிள்ளைகளையும் நிற்க வைத்துப் படம் எடுப்பார்கள். வெயில். தயிருக்கு உறை ஊற்றவில்லை என்பது இப்போது நிச்சயமாகிவிட்டது. சே, தயிராவது மண்ணாவது. பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டு இன்னொரு அஞ்சு மில்லி கொடுக்கச் சொல்லலாமா? ஒரு சீசா அங்கேயும் கொடுத்து வைத்திருக்கிறாள். கொடுத்திருந்து மறுபடியும் கொடுத்தால்? துவண்டு விழுவான், வாந்தி எடுப்பான், அதற்குமேல் என்ன ஆகும் என்று டாக்டரம்மா சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை, கேட்டால் அதுவும் சேர்ந்து கண்முன் வந்து நிற்கும் என்று. கொடுத்தாலும் பயம், விட்டாலும் பயம். கேஸ் புக் பண்ண வேண்டும். சஹானாவுக்குக் கண் பரிசோதனை சனிக்கிழமையா ஞாயிறா? வேலை பார்க்கிற இடத்தில் அவளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், சிரிப்பு வரும். நுங்கம்பாக்கத்தில் ரத்தப் பரிசோதனை நிலையம். ஒரு நாளைக்கு நூற்றிருபது குழாய். பேர், வயது, நேரம் எழுதி ஒட்டுவாள். பதினோரு வருஷத்தில் ஒரு குழாய் மாறியதில்லை. ஊரார் ரத்தம் அத்தனையும் அவள் கையில் பத்திரமாக இருக்கிறது. குழாயில் லேபிள் ஒட்டலாம். காலையில் எங்கே ஒட்டுவது?

பல்லாவரத்தில் கூட்டம் அள்ளிக்கொண்டு ஏறியது. அப்போதுதான் புத்தியில் தட்டியது. அந்த அம்மாளையே கேட்டுவிட்டால் என்ன? வாங்கியவளுக்குத் தெரியாதா, கொடுத்தவள் எங்கிருந்து கழற்றினாள் என்று? எட்டிப் பார்த்தாள். ஒயர் கூடை வாசல் பக்கம் தெரிந்தது. எழுந்தாள். எழுந்ததும் சீட்டில் வேறொருத்தி உட்கார்ந்துவிட்டாள். இனித் திரும்ப இடம் இல்லை, முன்னால் போக வேண்டியதுதான். பூக்கூடையைத் தாண்டி, ஒரு கர்ப்பிணியைச் சுற்றி, இரண்டு சாப்பாட்டுப் பைக்கு நடுவே முழங்கையை விட்டுப் போய்ச் சேர்ந்தபோது திரிசூலம் தாண்டியிருந்தது. "அம்மா, ஊக்கு" என்றாள். அந்த அம்மாள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "இன்னாம்மா, குடுத்துட்டுத் திருப்பிக் கேக்குற? இப்பக் கழட்டுனா என் மானம் பூடும். கிண்டில எறங்கி வா, புதுசே வாங்கித் தரேன்." "ஊக்கு வேணாம்மா. நீங்களே வச்சுக்குங்க. நான் எங்கேர்ந்து கழட்டிக் குடுத்தேன்? கழுத்துலேர்ந்தா, கையிலேர்ந்தா?" அந்த அம்மாள் சுகந்தியை மேலிருந்து கீழே பார்த்தாள். "எங்கேர்ந்து கழட்டுனா இன்னா? ஊக்கு ஊக்குதானே." "சொல்லுங்கம்மா. ரொம்ப முக்கியம்." "கழுத்துலேர்ந்துதான். பொம்பள வேற எங்க மாட்டி வச்சிக்குவா?" சுகந்தி கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "இல்லக்கா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். காதில் ஒயர் மாட்டிய அந்தக் காலேஜ் பெண், கிண்டியில் இறங்க வாசலுக்கு வந்தவள். "கையிலேர்ந்து எடுத்தீங்க. வளையல்லேர்ந்து. நான் பார்த்தேன்." "நீ போனைப் பாத்துக்கினு இருந்த. எங்கேர்ந்து இதைப் பாத்த?" என்றாள் அந்த அம்மாள். "போனும் பார்த்தேன், இதையும் பார்த்தேன்." "அப்ப சொல்லு, என் ஜாக்கெட்டு இன்னா கலர்?" அந்தப் பெண் மாராப்பை உற்றுப் பார்த்தாள். "பச்சை?" "ஊதா. இவ சாட்சி சொன்னா வெளங்கிடும்." நடுவில் நின்ற கண்ணாடிக்காரி ஒருத்தி, "என்ன மேடம், செயின் காணோமா?" என்று கேட்டாள். யாரும் பதில் சொல்வதற்குள் செயின் காணோம் என்கிற பேச்சு பெட்டியின் அந்தக் கோடிவரை போய்விட்டது. வரிசையாக எல்லாப் பெண்களும் தங்கள் தங்கள் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். பூக்காரி மடியையும் தொட்டுப் பார்த்தாள். "செயின் இல்லீங்க" என்று சுகந்தி கத்தினாள். கத்தின குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "என் பையனுக்கு மருந்து. காலையில குடுத்தேனா இல்லையான்னு தெரியல. குடுத்திருந்தா ஊக்கு கையில இருக்கும். குடுக்கலன்னா கழுத்துல இருக்கும்." அந்த அம்மாள் முகம் மாறிவிட்டது. ஒயர் கூடையைக் கீழே வைத்தாள். "பச்சப் புள்ளைக்கா?" என்றாள். "நாலு வயசு." அந்த அம்மாள் கண்ணை மூடி நின்றாள், சாமி கும்பிடுகிற மாதிரி. திறந்தாள். "எனக்குத் தெரியலம்மா. கழுத்துன்னு சொன்னது சும்மா வாய்க்கு வந்தது. நீ நீட்டுன, நான் வாங்குனேன். அந்நேரம் என் மானம்தான் எனக்குப் பெருசா இருந்துச்சு. புள்ள விஷயம், பொய் சொன்னா அடுக்காது." காலேஜ் பெண்ணும், "எனக்கும் அவ்வளவு ஷ்யூரா இல்லக்கா" என்றாள். ஊதாவைப் பச்சை என்று சொன்னதில் அவள் தைரியம் போய்விட்டது. கிண்டி வந்தது. இருவரும் இறங்கினார்கள். வண்டி நகர்ந்ததும் அந்த அம்மாள் பிளாட்பாரத்தில் கூடவே நாலு எட்டு நடந்து, "வூட்ல ஆளு இருக்குல்ல? கேளு, அந்த மனுசனைக் கேளு" என்று சொல்லிக்கொண்டே பின்தங்கிப் போனாள். கண்ணாடிக்காரி, "புருஷனைக் கேட்டா தெரியுமா?" என்று உதட்டைப் பிதுக்கினாள். வாசலில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். சுகந்திக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை. கண்ணில் வேறு தண்ணீர்.

இறங்கியிருக்க வேண்டும் என்று வண்டி கிளம்பியபின் தோன்றியது. இறங்கி எதிர்வண்டி பிடித்தால் பள்ளிக்கூடம் போகப் பத்து மணி ஆகும். போய் என்ன செய்வது? பையனைப் பார்ப்பது. பார்த்தால் தெரியுமா? மருந்து குடித்த பிள்ளைக்கும் குடிக்காத பிள்ளைக்கும் நெற்றியிலா எழுதியிருக்கும். அவனையே கேட்டால் குடிச்சேன் என்பான். ஐஸ்கிரீம் குடிச்சியா என்றாலும் குடிச்சேன் என்பான். அடையாறு பாலத்தின்மேல் வண்டி போகும்போது கீழேயிருந்து வாடை வந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள், அவள் பொத்த மறந்தாள். ஏழு மணியைப் பிடி. ஏழு மணிக்கு என்ன செய்துகொண்டிருந்தாய்? லேஸ் பிரித்தேன். இல்லை, அது ஆறேமுக்கால். சஹானாவுக்குத் தலை பின்னினேன். அவள் கண்ணாடி முன்னால் நின்று ஆடாமல் தலையைக் கொடுத்தாள், பத்து வயதுக்கு என்ன பொறுமை, அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு நாளும் கவலைப்பட வேண்டியதில்லை. அப்புறம்? அப்புறம் அலாரம் அடித்தது. அணைத்தேன். அணைத்துவிட்டு மருந்து இருக்கிற அலமாரிக்குப் போனேன். போனேனா? அலமாரிக்கும் அடுப்புக்கும் நடுவே ஆறு எட்டு. அந்த ஆறு எட்டில் குக்கர் விசில் அடித்தது, தாளிப்பு தீய்ந்தது, எங்கே என் பெல்ட் என்று கதிரேசன் உள்ளேயிருந்து கேட்டான். பெல்ட் கதவுக்குப் பின்னால் இருந்தது. பதினான்கு வருஷமாகக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. எடுத்துக் கொடுத்தேன். திரும்பினேன். எந்தப் பக்கம் திரும்பினேன்? அலமாரிப் பக்கமா, அடுப்புப் பக்கமா? எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் பெல்ட்வரை வருகிறது, திரும்புகிற இடத்தில் அறுந்துபோகிறது. அதற்கப்புறம் நேராகச் செருப்பு மாட்டுகிறாள், ஏழு முப்பத்தெட்டு, கூடுவாஞ்சேரி ஸ்டேஷனில் வண்டிக்கு நேரமாகிவிட்டது, மோட்டாரை நிறுத்துங்க என்று கத்திக்கொண்டே படியிறங்குகிறாள். மோட்டார்! அதை நிறுத்தினார்களோ என்னவோ, மாடியில் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கிறதோ என்னவோ. அவளுடைய ஒரு தலைக்குள் இத்தனை பேர் குடியிருக்கிறார்கள். ஒருவர்கூட தன் வேலையைத் தான் பார்க்கிறவராக இல்லை.

சைதாப்பேட்டையில் போன் அடித்தது. கதிரேசன். "எதுக்கு மூணு தடவை போன்? வண்டி ஓட்டிக்கிட்டிருந்தேன்ல. இப்பதான் ஸ்கூல் வாசல்ல நிக்கறேன். நகுலை மிஸ்கிட்ட விட்டாச்சு." "என்னங்க, நகுலுக்கு இன்னிக்கு மருந்து குடுத்தேனா?" "என்னைக் கேட்டா? நீதானே குடுப்ப." "எனக்கு ஞாபகம் வரல. நீங்க பார்த்தீங்களா?" "நான் டிரஸ் பண்ணிட்டிருந்தேன். குடுத்திருப்ப, நீ மறக்கற ஆளா?" அந்தப் பக்கம் பள்ளிக்கூட இரைச்சல், ஆட்டோ ஹாரன். "மறந்திருந்தா?" என்றாள். "என்ன சுகந்தி இது. சந்தேகமா இருந்தா கிளம்பும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நான் குடுத்திருப்பேனே." குற்றம் சொல்லவில்லை. உண்மையாகவேதான் சொன்னான். சொல்லியிருந்தால் கொடுத்திருப்பான், ஒரு சொட்டுக் கீழே சிந்தாமல் கொடுத்திருப்பான். மறந்துவிட்ட ஒன்றை எப்படிச் சொல்லியிருப்பது என்று கேட்க வாயெடுத்தாள். கேள்வி பாதியில் அவளுக்கே சிக்கலாகிவிட்டது, யார்மேல் தப்பு என்று பிடிபடவில்லை. "சஹானா பக்கத்துல இருக்காளா?" என்றாள். "இருக்கா. மணி அடிக்கப் போகுது." "குடுங்க." கொடுத்தான். "அம்மா" என்றது சின்னக் குரல், அவசரமில்லாமல். "சஹானா, தம்பி காலையில மருந்து குடிச்சானாடி? நீ ஏதாவது பார்த்தியா?" "குடிச்சான்மா." சுகந்தி கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். இரும்பு சில்லென்றிருந்தது. இருந்தாலும் உள்ளே ஒரு முள். "நான் குடுக்கும்போது பார்த்தியா? இன்னிக்குத்தானே? நேத்து இல்லையே?" சுகந்தி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "சொல்லும்மா." "நீ குடுக்கலம்மா" என்றாள் சஹானா. "நான் குடுத்தேன்."

மாம்பலத்தில் பாதிப் பெட்டி இறங்கியது, பாதி ஏறியது, யார்யாரோ தோளில் இடித்தார்கள். "நீயா? நீ எப்படி?" "தலை பின்னும்போது கண்ணாடியில பார்த்தேன், ஊக்கு உன் கழுத்துல இருந்துச்சு. செருப்பு மாட்டும்போதும் கழுத்துலயே இருந்துச்சு. சொன்னா நீ திரும்பி வருவ, டிரெய்ன் போயிடும். அதான் நீ கீழ போனதும் குடுத்தேன். மூடியில கோடு இருக்குல்ல, அஞ்சு வரைக்கும்." ஊக்கு. இவளுக்கு ஊக்கு தெரியுமா? யார் சொன்னார்கள்? யாரும் சொல்லியிருக்க முடியாது. "உனக்கு எப்படிடி தெரியும்?" "தெரியும்மா. தினமும் பார்ப்பேன்." "இதுக்கு முன்னாடி குடுத்திருக்கியா?" "ரெண்டு தடவை. இதோட மூணு." மூன்று. அப்படியானால் பத்தொன்பது மாதம், விரல்விட்டு எண்ணிச் சேர்த்த பத்தொன்பது மாதம், டாக்டரம்மாவிடம் ஒருவேளைகூட விட்டதில்லை மேடம் என்று நிமிர்ந்து சொன்னது, எல்லாம் ஒரு பத்து வயதுப் பிள்ளை கண்ணாடிக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்ததில் நின்றிருக்கிறது. சந்தோஷப்பட வேண்டும். பிள்ளை மருந்து குடித்துவிட்டான், வலிப்பு வராது, வந்த பயம் போயிற்று. போன இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது, அதற்குப் பேர் தெரியவில்லை. தலை பின்னும்போது ஆடாமல் நின்றதைப் பொறுமை என்றல்லவா நினைத்தோம். "ஏன்டி என்கிட்ட சொல்லல?" "சொன்னா ராத்திரி தூங்க மாட்ட. அப்பாகிட்ட சொன்னா உன்கிட்ட சொல்லிடுவாரு." பெரியவள் மாதிரி யோசித்துத்தான் வைத்திருக்கிறாள். "மோட்டாரையும் நிறுத்திட்டேன்மா. நீ டென்ஷன் ஆகாத." "சஹானா, இங்க பாரு. இனிமே நீ ஊக்கைப் பார்க்க வேணாம். என்ன? அது உன் வேலை இல்ல. மருந்தையும் நீ தொடக் கூடாது." "அப்ப நீ மறந்தா?" என்று கேட்டாள் சஹானா. கேலி இல்லை, சண்டை இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "அப்பாகிட்டக் குடு" என்றாள் சுகந்தி. "என்ன, தீர்ந்துச்சா பிரச்சனை?" என்றான் கதிரேசன். அவனும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறான். "நாளையிலேர்ந்து காலை மருந்து நீங்கதான் குடுக்கணும். நான் குடுக்க மாட்டேன். குடுத்தீங்களான்னு கேக்கவும் மாட்டேன்." எதிரில் பூக்காரி நிமிர்ந்து பார்த்தாள். "குடுத்தா போச்சு" என்றான் அவன், ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "இதுக்கா இவ்வளவு? குடுக்கறேன் சுகந்தி. காலையில ஒரு தடவை ஞாபகம் மட்டும் படுத்திடு, போதும்." சுகந்தி வாயைத் திறந்தாள். அதற்குள் அங்கே மணி அடித்தது. மணிக்கு மேலே, எட்டத்திலிருந்து, ஓடிக்கொண்டே கத்துகிற சின்னக் குரல் ஒன்று கேட்டது. "நான் ஞாபகப்படுத்தறேன்ப்பா. ஏழு மணிக்கு." "பார்த்தியா" என்றான் கதிரேசன். அவன் குரலில் பெருமை இருந்தது.